குடை என்றேன், உடையைத் தொட்டாள்

நீண்ட காலம் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தை மறுபடி திறந்தபோது, என் வகுப்பில் ஒரு பிள்ளையின் முகத்தைக்கூட நான் முழுதாகப் பார்த்திருக்கவில்லை. தொற்று பரவுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்திருந்தேன். ஆளை ஆள் அறிவதற்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். திரும்பி வந்ததும் தரம் மூன்றை என்னிடம் கொடுத்தார்கள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை வைத்துத்தான் யார் யார் என்று பழகினேன்.

தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில், ரயில் பாதைக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது அந்தப் பாடசாலை. ஐந்தாம் தரம் வரைதான். காற்றோட்டம் வேண்டும் என்று ஜன்னல்களையெல்லாம் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். பனி உள்ளே வந்து கரும்பலகையில் ஈரமாகப் படியும், வெண்கட்டி வழுக்கும். பிள்ளைகள் கைகளைச் சுவெட்டருக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது இருமினால் போதும், வகுப்பு அடங்கிப்போகும். எல்லாக் கண்களும் இருமியவன் பக்கம் திரும்பும். நானும்தான் திரும்புவேன்.

எனக்கு என் அப்பாவை நினைத்துப் பயம். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற பகுதியில் வேலை செய்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். மூச்சுக்கு அடிக்கிற பம்ப் இல்லாமல் படி ஏற மாட்டார். தலவாக்கலையில் எங்களுடைய சின்ன வீட்டுக்குப் பின்கதவு வழியாகத்தான் நுழைவேன். குளித்து, உடுப்பை வெந்நீரில் போட்டுவிட்டு, அவர் இருக்கும் அறை வாசலில் நின்று பேசுவேன். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த அக்கா ஒருவர் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. அவருடைய சேலைகள் கொடியில் அப்படியே காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் பஸ் ஏறினேன்.

பாடசாலை திறந்ததும் எங்களுக்கு இடப்பட்ட முதல் வேலை ஓர் எழுத்துப் பரீட்சை. வீட்டில் கிடந்த காலத்தில் யார் எவ்வளவு பின்தங்கிப் போனார்கள் என்று பார்க்க வேண்டும். பார்த்து, பின்தங்கியவர்களைத் தனிக் குழுவாக்கி, விபரத்தைக் கல்விப் பணிமனைக்கு அனுப்ப வேண்டும். தாள்களைக் கொடுத்த காலையில் வகுப்பில் இருந்த அமைதி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அது பாடம் கவனிக்கிற அமைதி இல்லை. ஒரு பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் விட்டது. இன்னொன்று மேசையில் வாந்தி எடுத்துவிட்டது. வாந்தி என்றதும் அதிபர் ஓடி வந்தார், பிள்ளையை வெளியில் உட்கார வைத்தார்கள், தாயைத் தேயிலை மலையிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அது நோயில்லை, பயம்தான் என்பது மறுநாளே தெரிந்தது. ஆனாலும் அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

அந்தப் பரீட்சையில்தான் நான் சொல்லப்போகும் பிள்ளை புள்ளியில் கீழே விழுந்தாள். ரெட்டைப் பின்னல், மெலிந்த உடம்பு, கொஞ்சம் பெரிய அளவு சுவெட்டர். கரும்பலகையில் எழுதிப்போட்ட கணக்குகள் எல்லாம் சரி. பார்த்து எழுதுவதில் கையெழுத்து அச்சு மாதிரி. நான் வாசித்து எழுதச் சொன்ன சொற்களில் ஒன்றுகூடச் சரியில்லை. நான் வாசித்துக் காட்டிய கதைக்கும், வாயால் கேட்ட கேள்விகளுக்கும் எதுவும் எழுதவில்லை. கூட்டிப் பார்த்தால், தனிக் குழுவுக்குப் போக வேண்டியவர்களில் அவளும் ஒருத்தி.

எனக்கு அது உறுத்தியது. வகுப்பில் அவளைப் பார்த்தால் மந்தமான பிள்ளை மாதிரித் தெரியவில்லை. நான் எது கேட்டாலும் "ஆமாங்க டீச்சர்" என்பாள். கண் என் மேலேயே இருக்கும். மேசையை நேராகப் போட்டு வைத்தால், அடுத்த பாடத்துக்குள் எப்படியோ அதைச் சாய்த்து, மற்றப் பிள்ளைகளும் கண்ணில் படுகிற மாதிரித் திருப்பிக்கொண்டிருப்பாள். அடங்காத பிள்ளை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஏன் என்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் முறைசாராக் கணிப்பீடு என்று ஒரு பாடம் இருந்தது. தாளும் புள்ளியும் இல்லாமல், பிள்ளை விளையாடும்போதும் பேசும்போதும் பார்த்துப் பார்த்து அறிந்துகொள்வது. அதன் பயன்களை வரிசையாக எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். வேலைக்கு வந்த பிறகு அந்தச் சொல் என் வாயில் வந்ததே இல்லை. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாது. ஆனால் அந்த வாந்தி எடுத்த காலைக்குப் பிறகு, கொஞ்ச நாளைக்காவது இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் தாளை நீட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். அவர்களுக்கு என்ன தெரியும் என்பதை வேறு வழியில்தான் பார்க்க வேண்டும்.

அதனால் ஒரு காலை மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாரையும் இடைவெளி விட்டு நிற்க வைத்தேன். நான் ஒரு சொல் சொல்வேன், அதை அவர்கள் பேசாமல் செய்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. எந்தச் சொல் யாருக்குத் தெரியும் என்று நான் நடந்து நடந்து பார்க்கலாம். முதலில் "பந்து" என்றேன், "ஊஞ்சல்" என்றேன். எல்லாரும் செய்தார்கள். பல நாளுக்குப் பிறகு வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளும் செய்தாள். ஆனால் அரைக்கணம் பிந்திச் செய்தாள். மற்றவர்களின் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவள் கை அசைந்தது.

ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்கிறார்கள் என்பதால், கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். சொல்லிக்கொண்டே என் கண்ணையும் மூடிக் காட்டினேன். எல்லாரும் மூடினார்கள்.

"குடை" என்றேன்.

எல்லாரும் கையை உயர்த்திக் குடை விரித்தார்கள். அவள் தன் வெள்ளைச் சட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து விரித்துக் காட்டினாள். உடை.

"விறகு" என்றேன்.

மற்றவர்கள் கோடரியைத் தூக்கினார்கள். அவள் இரண்டு கையையும் பக்கவாட்டில் அசைத்துப் பறந்தாள். சிறகு.

கண்ணைத் திறந்து பார்த்த ஒருவன் சிரித்தான். அவனை அடக்கிவிட்டு, நான் வகுப்பின் பின்பக்கம் நடந்துபோனேன். அவளுக்குப் பின்னால், இரண்டு எட்டுத் தள்ளி நின்று, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி "தவளை" என்றேன்.

வகுப்பு முழுக்கக் குந்திக் குந்திக் குதித்தது. அவள் மட்டும் கண்ணை மூடியபடி, தலையைச் சற்றுச் சாய்த்து, நான் இன்னும் சொல்லவில்லை என்று காத்துக்கொண்டு நின்றாள். அவள் முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், கண்ணோரம் சுருங்கியிருந்தது. சுற்றி எல்லாரும் குதிக்க, நடுவில் அவள் அசையாமல் நின்றாள். நான் திரும்பவும் "தவளை" என்றேன், இன்னும் சத்தமாக. அவள் அசையவில்லை.

இடைவேளையில் அவளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மற்றப் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியில் நின்றார்கள். எனக்கு ஒன்று செய்து பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு நான் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டும். அந்த நாட்களில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது சொன்னால் சிரிப்பார்கள். அவள் வந்த லயத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், முந்தின வாரம்தான் தொற்று என்று ஒரு குடும்பத்தை அடைத்து வைத்திருந்தார்கள். அப்பாவின் மூச்சிரைப்பு என் காதிலேயே கேட்டது. என் கை காது வரைக்கும் போய், அங்கேயே நின்றது. பிறகு நான்கைந்து எட்டுப் பின்னால் போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நின்றுகொண்டு, முகக்கவசத்தை இறக்கினேன்.

"நான் சொல்றத திருப்பிச் சொல்லு பாப்பா. குடை."

"குடை."

"விறகு."

"விறகு."

"தவளை."

"தவளை." அவள் பார்வை என் உதட்டிலேயே இருந்தது.

முகக்கவசத்தை மறுபடி போட்டுக்கொண்டு, அதே இடத்தில் நின்று, அதே குரலில் "மாலை" என்றேன். அவள் கண் அலைந்தது. என் நெற்றியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு "ஆமாங்க டீச்சர்" என்றாள்.

அதற்கு மேல் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை. இத்தனை காலமும் இந்தப் பிள்ளை எங்கள் வாயைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து வாயை மூடிவிட்டோம்.

அதிபரிடம் போனேன். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்த மனிதர். கெட்டவர் இல்லை. தொற்று ஆரம்பித்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் பயந்துபோயிருந்தார். மேசையில் கை கழுவும் திரவப் போத்தலைத் தனக்கும் எனக்கும் நடுவில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"காது கேக்கலன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க டீச்சர்? நீங்க டாக்டரா?"

"இல்ல சேர். ஆனா பின்னுக்கு நின்னு சொன்னா அவளுக்கு ஒண்ணுமே தெரியலங்க."

"வெளையாட்டுல பாத்தத வச்சு நாம எதையும் எழுத முடியாது. பேப்பர்ல என்ன இருக்கோ அதத்தானே அனுப்பணும்."

"பேப்பர்ல இருக்கிறது அவ மக்குன்னு காட்டுது. அவ மக்கு இல்லங்க சேர்."

"தாயக் கூப்பிட்டுப் பேசுங்க. அதுக்குப் பொறகு பாப்போம்" என்றார். அன்றைக்கே பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் வகுப்புக்குத் திரும்பி வந்தபோது பிள்ளைகளை வீட்டுக்கு விட்டுவிட்டிருந்தார்கள். அந்த நாட்களில் மதியத்துக்கு முன்பே பாடசாலை கலையும். வகுப்பைக் கூட்டிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள்தான் மிச்சம்.

அவள் மேசையைக் காட்டி, "அவ யாரோட சேந்து வீட்டுக்குப் போவா?" என்று கேட்டேன்.

"தனியாத்தான் டீச்சர். முந்தி அவ அக்காவோட வருவா. அக்கா இப்ப டவுன் ஸ்கூலுக்குப் போயிட்டாங்க."

"எந்த வழியா?"

"கோச்சி ரோட்டு வழியா டீச்சர். அதுதான் கிட்ட."

அந்தப் பாதையில் ரயில் ஓடாமல் பல மாதம் கிடந்தது. தண்டவாளம் துருப்பிடித்து, சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவில் புல் முளைத்து, பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல நடைபாதையாகிவிட்டிருந்தது. ஆனால் அந்த வாரம் ரயில்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. முந்தின நாள் காலையில் முதல் ரயில் போனபோது, பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை ஜன்னலுக்கு ஓடவிட்டவள் நான்தான்.

நான் கைப்பையை மேசையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். பாடசாலை மேட்டிலிருந்து பாதைக்கு இறங்கும் படிகள் ஈரமாக இருந்தன. ஒரு செருப்பு கழன்றது, மற்றதையும் விட்டுவிட்டேன். கீழே இறங்கினால் பனி. பாதை தலவாக்கலைப் பக்கம் இறக்கமாக வளைந்து போகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கத்திய பிறகுதான் அதில் பயனில்லை என்பது புத்தியில் உறைத்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அந்த நொடியில்தான். ஒரு பிள்ளை ஆபத்தில் இருந்தால் கூப்பிடலாம். கூப்பிட முடியாத பிள்ளையை என்ன செய்வது?

கட்டைக்குக் கட்டை தாவி ஓடினேன். சரளைக்கல் காலைக் குத்தியது. வளைவைத் தாண்டியதும் தூரத்தில் பனிக்குள் அவள் முதுகு தெரிந்தது. புத்தகப்பை, ரெட்டைப் பின்னல். தண்டவாளத்தின் மேலேயே, ஒரு காலுக்கு முன் ஒரு காலாக வைத்து நடந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் எனக்குப் பின்னால், மேலே எங்கேயோ, ரயில் ஊதியது.

ஏற்றத்தில் வருகிற கோச்சியை நெடுந்தூரத்துக்கு முன்பே கேட்கலாம். இறக்கத்தில் வருகிறது அப்படி இல்லை, சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இரண்டாம் முறை ஊதியபோது அது வளைவுக்குள் வந்துவிட்டது. நான் எவ்வளவு ஓடினாலும் அவளைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தது. இருந்தும் ஓடினேன், கத்தினேன். கடைசியில் என் உடம்புதான் பயந்து பக்கத்துக் கானுக்குள், தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள், குதித்தது. குதித்தபடியே முன்னால் பார்த்தேன்.

அவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவசரப்படவும் இல்லை. தண்டவாளத்தை விட்டு இறங்கி, பாதையோரம் போய், மண்மேட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பையை வயிற்றோடு அணைத்து நின்றாள். ரயில் எங்கள் இருவரையும் கடந்து போனது. கடைசிப் பெட்டியிலிருந்து யாரோ கை காட்டினார்கள். அவளும் கை காட்டினாள்.

நான் கானின் விளிம்பைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தேன். அவள்தான் என்னைக் கண்டு திரும்பி வந்தாள். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். சப்பாத்து இரண்டையும் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அந்தக் குளிரில் வெறுங்கால்.

முகக்கவசத்தை முழுதாகக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். இந்த முறை அப்பாவை நினைக்கவில்லை. அவளும் தன்னுடையதை இறக்கினாள். அந்தப் பிள்ளையின் முகத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் விழுந்திருந்தது.

"கோச்சி வர்றது உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"காலுக்குத் தெரியும் டீச்சர். கம்பி நடுங்கும்."

"எப்பவும் தெரியுமா?"

யோசித்தாள். "மழ பேஞ்சா சரியாத் தெரியாது" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "காது கேக்கலன்னு உனக்கே தெரியுமா பாப்பா?"

தலை குனிந்துகொண்டாள். குனிந்தால் என் வாய் தெரியாது. ஆகவே அதற்கு மேல் நான் சொல்வதைக் கேட்க அவள் விரும்பவில்லை என்று புரிந்தது. முகவாயைத் தொட்டு மெல்ல நிமிர்த்தினேன்.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா என்னைய தூரத்து ஹொஸ்டல்ல விட்டுருவாங்க. மேல் லயத்துக் காது கேக்காத புள்ளைய விட்டாங்கல்ல. அது லீவுக்கு மட்டுந்தான் வரும்." அவள் அழவில்லை. "நான் எல்லாம் சரியாத்தானே செய்றேன் டீச்சர். ரெஜிஸ்டர்ல போட மாட்டீங்கதானே?"

ரெஜிஸ்டர் என்று அவள் சொன்னது அந்தப் பரீட்சைத் தாளையா, அதிபரின் பதிவையா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதப்படுகிற எல்லாமே அவளுக்கு அதுதான் போல. எட்டு வயதுப் பிள்ளை, எங்களிடமிருந்து தன்னை ஒளித்து வைக்க இவ்வளவு உழைத்திருக்கிறாள். மேசையைச் சாய்த்ததும், அரைக்கணம் பிந்தியதும், எதற்கும் ஆமாங்க டீச்சர் என்றதும் அந்த உழைப்புத்தான். தாளை நீட்டியபோது இன்னும் நன்றாக ஒளிந்துகொண்டாள். விளையாட்டில் மட்டும் மறந்துபோய் வெளியே வந்துவிட்டாள்.

அவளோடு வீடு வரைக்கும் நடந்தேன். இருட்டும் நேரம் தாய் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும்வரை, அவர்கள் குடியிருந்த காம்பரா அறை வாசலில் காத்திருந்தேன். வெறுங்காலோடு, சேலை முழுக்கச் சேறாக நின்ற டீச்சரைக் கண்டதும் அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னங்க டீச்சர், புள்ளைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலங்க. பயப்படாதீங்க" என்றேன். நடந்ததைச் சொன்னேன். ரயிலைப் பற்றிச் சொன்னபோது அவர் மகளைப் பக்கத்தில் இழுத்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"சின்னதுலேருந்து காதுல சீழ் வரும் டீச்சர். எண்ணெ காய்ச்சி விடுவோம், நின்னுரும். கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. வீம்பு புடிச்ச கழுதன்னு அடிச்சிருக்கேன்." மகளின் தலையைத் தடவினார். "அவங்கப்பா கொழும்புல. நான் விடியக்காலம் மலைக்குப் போனா இருட்டித்தான் வர்றேன். நான் எப்பத்தான் அவ மொகத்தப் பாத்துப் பேசுறது?"

பிறகு அவரும் மகள் கேட்டதையே கேட்டார். "ஹொஸ்டலுக்கு அனுப்பிருவாங்களா?"

அனுப்ப மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்கு அது தெரியவும் தெரியாது. "நான் கூட வர்றேங்க. முதல்ல டாக்டர்கிட்டக் காட்டுவோம்" என்று மட்டும் சொன்னேன். ரயில் பாதையில் இனி அனுப்பக்கூடாது என்றும் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து பக்கத்து லயத்துப் பெரிய பிள்ளைகளோடு ரோட்டு வழியாக வந்தாள். சுற்றுவழி, பிந்தித்தான் வருவாள். வாசலில் அவள் தலை தெரியும்வரை நான் பாடத்தைத் தொடங்கியதில்லை.

தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போன நாளில் ஆஸ்பத்திரியைச் சுற்றி இருந்த பயத்தை என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. வரிசையில் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. உள்ளே எங்கேயோ ஒரு பெண் அழுதுகொண்டே இருந்தாள். காது டாக்டர் சிங்களவர், இளம் வயது. நான் சிங்களத்தில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார். இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை, ஒன்றில் பெரியது. பல வருடப் புண். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். வகுப்பில் ஒரு விளையாட்டில் தெரிந்தது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி எழுதினார். ஹொஸ்டலுக்கு அனுப்ப வேண்டுமா என்று அந்த அம்மா கேட்கச் சொன்னதையும் கேட்டேன். தேவையில்லை என்றார். அதைத் தமிழில் சொன்னதும் அந்த அம்மா சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் எனக்குத் தொண்டை கரகரத்தது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல், முன்னறையில் தனியாகப் படுத்து, அப்பா இருமும் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்தேன். சோதித்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. வெறும் சளித் தடிமன். ஆனால் முகக்கவசத்தைக் கழற்றியது சரியா என்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால், அந்த நாட்களில் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

அதிபர் டாக்டரின் குறிப்பைப் பார்த்த பிறகு தனிக் குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டார். அடுத்த வாரம் ஒவ்வொரு வகுப்பிலும் அந்த விளையாட்டை நடத்தச் சொன்னார். அவரே பின்னால் நின்று மெல்லிய குரலில் சொற்களைச் சொன்னார். "தவளை" என்று அவர் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த கலக்கத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லா வகுப்பும் குதித்தது. வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததும் காரியாலயத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.

நான் முகக்கவசத்துக்குப் பதில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மறைப்பை வாங்கி மாட்டிக்கொண்டேன். அது பனியில் புகையடிக்கும், துடைத்துத் துடைத்துப் பாடம் நடத்துவேன். அவளை முன்வரிசையில் வைத்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவதை விட்டேன். அது சுலபமில்லை; எத்தனை வருடப் பழக்கம். மறந்து திரும்பிவிடும்போதெல்லாம் அவள் பென்சிலால் மேசையைத் தட்டுவாள். அப்படித் தட்டலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். முதலில் தட்டப் பயந்தாள். பள்ளித் தவணை முடிவதற்குள், நான் திரும்புவதற்கு முன்பே தட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

பின்னர் ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வந்தார். இந்தப் பிள்ளையின் முன்னேற்றத்தை எப்படிக் கணித்தீர்கள், ஆதாரம் எங்கே என்று கேட்டார். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. "வகுப்பில் வந்து உட்காருங்கள்" என்றேன். உட்கார்ந்தார். அவள் எழுந்து நின்று, வகுப்புக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டினாள். சில எழுத்துகள் அவள் வாயில் சரியாக வரவில்லை. இன்றைக்கும் வருவதில்லை.

சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைக்க நெடுநாள் ஆனது. இடையில் நாட்டில் எரிபொருள் இல்லாமல் போய், பஸ் இல்லாமல் போய், இரண்டு முறை நாள் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் அந்த அம்மா இனிக் கூப்பிட மாட்டார்கள் என்றே நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், வெளியில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு காது ஓரளவு சரியானது. மற்றதுக்குச் செவிப்புலக் கருவி கொடுத்தார்கள்.

கருவி மாட்டி வந்த முதல் வாரம் அவள் நிம்மதியாக இல்லை. தகரக்கூரையில் காகம் நடந்தால் திடுக்கிடுவாள். யாராவது மேசையை இழுத்தால் காதைப் பொத்திக்கொள்வாள். ஒரு நாள் இடைவேளையில் என்னிடம் வந்து, "டீச்சர், எல்லாரும் ஏன் இவ்வளவு சத்தமா இருக்காங்க?" என்று கேட்டாள். இதுவரை அமைதியாக இருந்த உலகம் திடீரென்று தன் மேல் பாய்வதாக அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். எழும்பிப் போய் வகுப்புக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் உள்ளே பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது அவள் டவுன் பாடசாலையில் படிக்கிறாள். அக்காவோடு பஸ்ஸில் போகிறாள். போன மாதம் தாயைச் சந்தையில் கண்டேன். புது வகுப்பில் அவளைப் பின்வரிசையில் போட்டிருந்தார்களாம். முதல் நாளே எழுந்து போய், "எனக்கு ஒரு காது கேக்காது டீச்சர், முன்னுக்கு இருக்கணும்" என்று அவளே சொல்லிவிட்டாளாம். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாளாம். அதைச் சொல்லும்போது தாயின் குரலில் இன்னும் கொஞ்சம் பயம் இருந்தது. எனக்கும் இருந்தது. மரக்கறிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு அந்த டீச்சர் என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"வா, வந்து முன்னுக்கு இருன்னாங்களாம்" என்றார்.